வசியமா, வைத்தியமா? ஹிப்னாடிசமும் தீய பழக்கங்களிலிருந்து விடுதலையும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சென்று கோமுகி அணையைக் கடந்தால் மலைப்பாதை தொடங்குகிறது. வளைந்து வளைந்து ஏறும் அச்சாலையில் கரியாலூர் வருகிறது; அதற்கப்பால் வெள்ளிமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமான கல்வராயன் மலையில், மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு வாழும் பகுதி இது. பெரியார் அருவியையும் மேகம் அருவியையும் காண வருவோர் இம்மலையின் குளிர்ச்சியை மெச்சிச் செல்கின்றனர். ஆயினும் நாளிதழ்களில் கரியாலூரின் பெயர் பலமுறை இடம்பெறுவது வேறொரு காரணத்திற்காகவே. வெல்லத்தையும் மரப்பட்டையையும் பேரல்களில் ஊறவைத்துக் காய்ச்சும் சாராயம். ஓடைக்கரைகளில் போலீசார் கொட்டி அழிக்கும் ஊறல். லாரி டியூப்களில் நிரப்பி அடிவாரத்திற்கு இறக்கப்படும் சரக்கு. இவையே அச்செய்திகள்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் நிகழ்ந்த பேரழிவை நாடே கண்ணீருடன் கண்டது. பாக்கெட்டில் விற்கப்பட்ட சாராயத்தைக் குடித்தவர்களில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது மலையில் காய்ச்சிய சாராயம் அன்று. தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்னும் நச்சுப் பொருள் கலந்தது. மெத்தனால் உடலுக்குள் சென்றதும் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைச் சிதைக்கிறது. இரத்தத்தை அமிலமாக்கி உயிரைப் பறிக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில்தான், மரக்காணம் பகுதியில் இதே நஞ்சு பல உயிர்களைக் குடித்திருந்தது. ஆபத்து என்று தெரிந்திருந்தும் மனிதன் ஏன் மீண்டும் அதே இடத்திற்குச் செல்கிறான்?

சட்டம் ஒன்றே இதற்கு மருந்தாகுமானால் நம் நிலம் என்றோ தூய்மை பெற்றிருக்கும். கல்வராயன் மலையின் ஒரு பகுதி அடங்கிய சேலம் மாவட்டத்தில்தான் 1937ஆம் ஆண்டிலேயே மதுவிலக்கு கொண்டு வரப்பட்டது. சட்டம் கடையை மூடும். மனிதனுக்குள் இருக்கும் வேட்கையை மூடாது.

'நம் சமுதாயத்தில் இது இல்லை. நமக்கு இது ஹராம்' என்று சொல்லி நாம் ஆறுதலடைகிறோம். ஆனால் ஜமாஅத்தின் பஞ்சாயத்துகளில் அமர்ந்தவர்களும், கணவனுக்காக இரவில் கதவோரம் காத்திருக்கும் சகோதரிகளும் உண்மையை அறிவார்கள். மதுவை விட்டாலும் பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை என்று ஏதேனும் ஒன்றுக்கு அடிமைப்பட்டவர் இல்லாத தெரு அரிது. இத்தகைய வீடுகளிலிருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: 'ஹிப்னாடிசம் செய்து குடியை மறக்கடிக்கிறார்களாமே, அது உண்மையா? அது மார்க்கத்திற்கு ஆகுமா?'

விளம்பரங்கள் 'ஒரே அமர்வில் விடுதலை' என்று வாக்களிக்கின்றன. நகையை அடகு வைத்தாவது கணவனையோ மகனையோ மீட்டுவிடத் துடிக்கும் குடும்பங்கள் அவற்றை நம்பிச் செல்கின்றன. ஆகவே ஹிப்னாடிசம் என்பது யாது, அது எவ்வாறு வேலை செய்கிறது, எந்த எல்லை வரை பயன் தரும் என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்வது அவசியமாகிறது.

ஆற்றல் யாரிடம் இருக்கிறது?

பொதுமக்கள் இதனை மனோவசியம் என்றும் மெஸ்மரிசம் என்றும் அழைக்கின்றனர். கூரிய பார்வையுடைய ஒருவர் மற்றவரின் கண்ணை உற்று நோக்கித் தம் சக்தியால் அவரை ஆட்டிப் படைக்கிறார் என்பதே பலரின் எண்ணம். மெஸ்மர் என்னும் மருத்துவரின் பெயரால் வந்ததே மெஸ்மரிசம். 1734இல் பிறந்த அவர், உயிர்களுக்குள் காந்தம் போன்ற ஒரு திரவம் ஓடுவதாகவும், அதனைத் தம் கைவீச்சால் ஒழுங்குபடுத்தி நோய்களைத் தீர்ப்பதாகவும் கூறினார். பாரிஸ் நகரமே அவர் வாசலில் கூடியது.

1784ஆம் ஆண்டு பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயி இதை ஆராய அறிஞர் குழு ஒன்றை அமைத்தார். மின்சார ஆராய்ச்சியால் புகழ்பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்கிளினும், வேதியியல் மேதை லவாய்சியரும் அதில் இருந்தனர். பிராங்கிளினின் தோட்டத்தில் ஒரு மரத்திற்கு மட்டும் 'காந்த சக்தி' ஏற்றப்பட்டது. 12 வயதுச் சிறுவன் ஒருவனின் கண்களைக் கட்டி, சக்தி ஏற்றப்படாத வேறு மரங்களிடம் ஒவ்வொன்றாக அழைத்துச் சென்றனர். நான்காவது மரத்தருகே அவன் மயங்கி விழுந்தான்! மரத்தில் ஏதும் இல்லை; 'இங்கே சக்தி இருக்கிறது' என்ற எண்ணம் அவன் உள்ளத்தில் இருந்தது. காந்தத் திரவம் என்று ஒன்று இல்லை, விளைவுகள் கற்பனையின் வலிமையால் நேர்ந்தவை என்று குழு தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பு பொய்யை அம்பலப்படுத்தியது. ஆனால் எண்ணம் ஒன்றே ஒருவனை மயங்கி விழச் செய்யுமானால், அந்த எண்ணத்தின் ஆற்றல் சாதாரணமானதன்று என்ற உண்மையையும் அது உள்ளடக்கியிருந்தது. அதைக் கண்டு சொன்னவர் நம் இந்திய மண்ணில் பிறந்த ஒருவர் என்பது பலர் அறியாத செய்தி. கோவாவின் காண்டோலிம் என்னும் ஊரில் 1756இல் பிறந்து, பாரிஸில் வாழ்ந்த பாதிரியார் ஃபரியாவே அவர். செய்விப்பவரிடமிருந்து எந்தச் சக்தியும் வெளிப்படுவதில்லை. எல்லாம் அந்நிலையை அடைபவரின் உள்ளத்திலேயே நிகழ்கிறது என்று அவர் எடுத்துரைத்தார். அந்நிலையைத் தெளிவுள்ள உறக்கம் என்றார். தமிழில் அறிதுயில் என்ற அழகிய சொல் வழங்குகிறதே, ஏறத்தாழ அதே பொருள்.

பின்னர் மான்செஸ்டர் நகரின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு 1843இல் எழுதிய நூலின் வாயிலாக 'ஹிப்னாடிசம்' என்ற பெயர் பரவியது. உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதனை அவர் அமைத்தார். ஆனால் சில ஆண்டுகளிலேயே, இது உறக்கமே அன்று, ஒரே எண்ணத்தில் உள்ளம் குவிந்து நிற்கும் நிலை என்று உணர்ந்து, பெயரையே மாற்ற விரும்பினார். அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது!

ஹூக்ளியில் நடந்த அறுவை சிகிச்சை

வங்காளத்தின் ஹூக்ளி நகரை நம் சமுதாயம் ஹாஜி முஹம்மது மொஹ்சின் அவர்களின் பெயரோடு சேர்த்தே நினைவுகூர்கிறது. தம் பெருஞ்சொத்தை 1806இல் வக்ஃபு செய்து, அதன் வருவாயால் கல்லூரியும் மருத்துவமனையும் நடைபெற வழிவகுத்த வள்ளல் அவர். அதே ஊரில்தான், ஜேம்ஸ் எஸ்டெயில் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1845 ஏப்ரலில் சிறைக் கைதி ஒருவரை மெஸ்மரிச நிலைக்குக் கொண்டுவந்து விரைவாதத்திற்குச் சிகிச்சை அளித்தார்.

குளோரோஃபார்ம் இல்லாத காலம் அது. அறுவை என்றால் நோயாளியைப் பலர் பிடித்து அழுத்த, அவர் அலற, மருத்துவர் கத்தியை ஓட்டுவதே வழக்கம். எஸ்டெயிலோ, யானைக்கால் நோயால் பெருத்த கட்டிகளைக்கூட நோயாளிகள் வலியின்றித் தாங்கியதாகத் தம் நூலில் பதிவு செய்தார். 1846இல் அரசாங்கம் குழு அமைத்து ஆராய்ந்து, கல்கத்தாவில் இதற்கெனச் சிறு மருத்துவமனை ஒன்றையும் ஓராண்டுக் காலத்திற்கு அவருக்கு வழங்கியது.

எனினும் ஒரு நோயாளியை அந்நிலைக்குக் கொண்டுவர உதவியாளர்கள் மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில், முயல வேண்டியிருந்தது. எல்லோரும் அந்நிலையை அடையவுமில்லை. 1847இல் குளோரோஃபார்ம் வந்தது. சில நிமிடங்களில் எவரையும் மயங்கச் செய்தது. மெஸ்மரிசம் பின்னுக்குச் சென்றது. இந்த வரலாறு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. ஒன்று, மனத்தின் குவிப்பு வலியைக்கூட மாற்றவல்லது. மற்றொன்று, அது எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதன்று.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

நீங்கள் ஒரு சுவையான நூலில் ஆழ்ந்திருக்கும்போது அடுக்களையிலிருந்து அழைப்பது காதில் விழுவதில்லை. செவி கேட்கிறது, உள்ளம் ஏற்கவில்லை. தேர்ந்த ஓட்டுநர் சிந்தனையில் மூழ்கியபடியே வீடு வந்து சேர்ந்துவிடுகிறார். இவை அன்றாட வாழ்வில் நிகழும் கவனக் குவிப்புகள். ஹிப்னாடிசம் என்பது இத்தகைய குவிப்பைத் திட்டமிட்டு ஆழப்படுத்தி, அந்நேரத்தில் ஒரு கருத்தை உள்ளத்தில் விதைப்பதேயாகும்.

மருத்துவர் முதலில் வந்தவரோடு உரையாடி, எதை மாற்ற விரும்புகிறார் என்று கேட்டறிகிறார். பின்னர் அமைதியான அறையில் சாய்ந்தமரச் செய்து, ஒரு புள்ளியை நோக்கவோ, தம் மூச்சைக் கவனிக்கவோ சொல்கிறார். உடல் தளர்கிறது, கவனம் குரல் ஒன்றில் மட்டும் நிலைக்கிறது. அப்போது விரும்பிய மாற்றத்தைக் குறித்த கருத்துரையைச் சொல்கிறார். இறுதியில் எண்ணிக்கை சொல்லி இயல்பு நிலைக்கு அழைத்து வருகிறார். அவ்வளவுதான். உறக்கம் இல்லை, நினைவிழப்பு இல்லை. விரும்பாத ஒன்றைச் சொன்னால் அவர் கண்ணைத் திறந்து எழுந்து சென்றுவிட முடியும்.

1997இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் அறிஞர்கள் செய்த ஆய்வு ஒன்று இதை நன்கு விளக்குகிறது. சூடான நீரில் கையை வைத்தவர்களுக்கு, ஹிப்னாடிச நிலையில், வலியின் துன்பம் குறைவதாகக் கருத்துரை வழங்கப்பட்டது. சூட்டை உணரும் மூளைப் பகுதி முன்போலவே இயங்கியது. ஆனால் அதைத் துன்பமாக உணர்த்தும் பகுதியின் இயக்கம் மாறியது. செய்தி வந்து சேர்கிறது. அதன் கடுமை மட்டும் மாறுகிறது. 2016இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 57 பேரின் மூளையைப் படம்பிடித்து ஆராய்ந்தது. எளிதில் அந்நிலையை அடைபவர்களிடம், 'அடுத்து என்ன, வேறென்ன' என்று அலைபாயும் பகுதியின் இயக்கம் தணிவதும், உடலைக் கட்டுப்படுத்தும் பகுதிகளின் இணைப்பு வலுப்பெறுவதும் தெரியவந்தது.

இந்த ஏற்புத்திறன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. பத்துப் பேரில் ஓரிருவர் மிக எளிதில் ஆழ்ந்துவிடுவர், ஓரிருவர் சிறிதும் ஆழ்வதில்லை, மற்றையோர் நடுநிலையினர். மேடை நிகழ்ச்சிகளில் வித்தைக்காரர் கூட்டத்திலிருந்து அந்த ஓரிருவரைத்தான் சில சோதனைகளால் பொறுக்கி எடுக்கிறார். நாம் அதை அவருடைய சக்தி என்று எண்ணிக் கைதட்டுகிறோம்.

பழக்கம் எவ்வாறு வேர்விடுகிறது?

ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, மூளை அதைத் தன் அடிப்பகுதியிலுள்ள நரம்பு முடிச்சுகளிடம் ஒப்படைத்துவிடுகிறது. அதன்பின் அச்செயலுக்குச் சிந்தனை தேவைப்படுவதில்லை. ஒரு தூண்டுதல் போதும். தேநீர் குடித்ததும் கை தானாகவே சட்டைப்பையிலுள்ள பீடிக்கட்டைத் தேடுகிறது. மாலை ஆறு மணி, கூலிப்பணம், குறிப்பிட்ட நண்பர், குறிப்பிட்ட தெருமுனை என ஒவ்வொன்றும் ஒரு தூண்டுதல். தூண்டுதல், செயல், அதனால் கிடைக்கும் கணநேரச் சுகம்: இம்மூன்றும் சேர்ந்த வளையமே பழக்கம்.

புதிய பழக்கம் வேரூன்ற எத்தனை நாள் ஆகும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட முடிவின்படி சராசரியாக 66 நாட்கள். ஆனால் ஆளைப் பொறுத்தும் செயலைப் பொறுத்தும் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறினால் முயற்சி பாழாவதில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. 'ஒரே அமர்வில்' என்று முழங்குவோரின் வாக்குறுதியை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எதற்குப் பயன்படும்? எதற்குப் பயன்படாது?

வலியைத் தாங்குவதிலும், சிகிச்சைக்கு முந்தைய அச்சத்தைத் தணிப்பதிலும் ஹிப்னாடிசம் துணைபுரிவதற்குச் சான்றுகள் உண்டு. நாட்பட்ட குடல் எரிச்சல் நோய்க்கு அது உதவுவதாக மான்செஸ்டர் மருத்துவர்கள் 1984இல் ஆய்வு வெளியிட்டனர். பின்வந்த ஆய்வுகளும் அதற்கு ஆதரவாகவே அமைந்தன.

புகைப்பழக்கத்தின் நிலை வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்பர்ட் ஸ்பீகல் 1970இல் ஒரு முறையை வெளியிட்டார். அவர் தந்த கருத்துரையின் சாரம் மூன்றே செய்திகள்: புகை உடலுக்கு நஞ்சு, வாழ்வதற்கு உடல் தேவை, ஆகவே உடலைப் பேணிக் காக்கும் கடமை உனக்கு உண்டு. 'புகையை வெறு' என்று அவர் சொல்லவில்லை. காக்க வேண்டிய ஒன்றின்மீது கவனத்தைத் திருப்பினார். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று நம்பும் நமக்கு இந்தக் கருத்து புதிதன்று. ஆனால் அம்முறையில் வந்தவர்களுள் ஆறு மாதத்திற்குப் பின்னும் புகையைத் தொடாதிருந்தோர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே. காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுக் குழுமம் 2019இல் 14 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, புகையை நிறுத்த ஏனைய வழிகளைவிட ஹிப்னாடிசம் மேலானது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என முடிவு கூறியது.

மதுவைப் பொறுத்தவரை இன்னும் எச்சரிக்கை தேவை. நீண்ட காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரின் உடலே மதுவைச் சார்ந்து நிற்கிறது. திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சிலருக்குப் பிதற்றலும், இல்லாத உருவங்களைக் காண்பதும் நேரலாம். இது உயிருக்கே ஆபத்தான நிலை. ரமலான் முதல் பிறையோடு குடியை விட்டுவிடுவது என்று உறுதி பூணுபவர்கள் பலர். எண்ணம் உயர்ந்தது. ஆனால் மூன்றாம் நாள் அவர் சுவரைப் பார்த்துப் பேசும்போது, சைத்தான் பிடித்துவிட்டது என்று எண்ணித் தாயத்துக்கும் மந்திரிப்புக்கும் அலைவது அவர் உயிரைப் பணயம் வைப்பதாகும். அவரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இவ்வாறு குடிப்பவர், நிறுத்தும் முன்பே மருத்துவரை நாடுவது மேலும் நன்று. நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளும் தயமின் என்னும் வைட்டமின் ஊசியும் அந்த நாட்களைப் பாதுகாப்பாகக் கடக்க உதவுகின்றன. எந்தக் கருத்துரையும் வலிப்பைத் தடுக்காது.

மற்றோர் ஆபத்தும் உண்டு. 'அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்' என்று சொல்லித் தரப்படும் பொடிகள். குடிநிறுத்தத்திற்கான டைசல்ஃபிராம் என்னும் மருந்து, மது உடலில் சிதைவதை இடையில் தடுத்து, குடித்தால் வாந்தியும் படபடப்பும் உண்டாகச் செய்வது. மருத்துவர் சோதித்து, நோயாளி முழுதும் அறிந்து, சம்மதித்து உண்ண வேண்டிய மருந்து அது. அறியாமல் உண்டவர் வழக்கம்போல் குடித்தால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிரும் போகலாம். கணவனைக் காக்க நினைத்த கையே அவனுக்கு நஞ்சூட்டிய கையாகிவிடக் கூடாது.

மார்க்கத்தின் பார்வையில்

ஹிப்னாடிசம் சூனியமா என்ற கேள்விக்கு வருவோம். ஜின்களை வசப்படுத்தியிருப்பதாகவோ, மறைவான செய்திகளைக் கூறுவதாகவோ, களவு போன பொருளைக் காட்டித் தருவதாகவோ ஒருவர் சொன்னால் அதில் ஐயத்திற்கே இடமில்லை. குறி சொல்பவனிடம் செல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகத் தடுத்துள்ளார்கள். இத்தகையோர் தங்கள் தொழிலுக்கு ஹிப்னாடிசம் என்ற ஆங்கிலப் பெயரைச் சூட்டிக்கொள்வதால் அது மருத்துவமாகிவிடாது. இந்தக் கலப்படத்தைக் கண்டே மார்க்க அறிஞர்களுள் சிலர் ஹிப்னாடிசத்தை முற்றிலும் தடுக்கப்பட்டது என்கின்றனர். மறைவான சக்தி எதையும் கோராமல், தகுதி பெற்ற மருத்துவர், நோயாளியின் சம்மதத்தோடு, நலன் கருதிச் செய்யும் சிகிச்சையை ஏனைய சிகிச்சைகளைப் போன்றே கருதலாம் என்று வேறு சிலர் கூறுகின்றனர். ஐயமுள்ளோர் தத்தம் ஊர் உலமாப் பெருமக்களிடம் விவரத்தை முழுமையாகச் சொல்லித் தெளிவு பெறுவதே முறை. பெண்களாயின் மஹ்ரமான ஒருவர் உடனிருப்பது எவ்வகையிலும் நலம்.

ஆனால் இதனினும் ஆழமான பாடம் ஒன்று நம் வரலாற்றிலேயே இருக்கிறது.

மதீனாவில் மது ஒழிந்த விதம்

அறியாமைக் கால அரபு மக்களின் வாழ்வில் மது தண்ணீர்போல் கலந்திருந்தது. அத்தகைய சமுதாயத்திடம் முதல் நாளிலேயே மதுவை விடு என்று திருக்குர்ஆன் கட்டளையிடவில்லை. முதலில் உள்ளங்களில் மறுமை நம்பிக்கை விதைக்கப்பட்டது. எடுத்த எடுப்பில் மது தடுக்கப்பட்டிருந்தால் மக்கள் ஏற்றிருக்க மாட்டார்கள் என்ற கருத்தை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே கூறியதாக ஸஹீஹ் புகாரியில் காண்கிறோம்.

பின்னர் மதுவில் பயனைவிடப் பாவமே பெரிது என்று அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் சிந்திக்க வைத்தது. அடுத்து, போதையுடன் தொழுகையை நெருங்கலாகாது என்று அன்னிஸா அத்தியாயத்தின் 43ஆம் வசனம் கட்டளையிட்டது. இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். ஐவேளைத் தொழுகையுடையவருக்கு லுஹர் முதல் இஷா வரை குடித்துத் தெளிவதற்கு அவகாசமே கிடையாது. குடிக்கும் நேரம் சுருங்கியது. தூண்டுதல்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. பழைய வளையம் இருந்த இடத்தில் பாங்கொலியும் உளூவும் தொழுகையும் வந்து அமர்ந்தன. இறுதியாக அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் முற்றிலுமாகத் தடை விதித்தன. அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் மது பரிமாறிக்கொண்டிருந்த அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பாளரின் குரலைக் கேட்டதும், அங்கிருந்தோர் தயங்காமல் மதுவைக் கொட்டச் செய்தனர். மதீனாவின் தெருக்களில் அது வழிந்தோடியது.

அங்கே எவரும் எவரையும் வசியம் செய்யவில்லை. உள்ளம் முதலில் திரும்பியது. பின்னர் நேரமும் சூழலும் மாறின. ஊர் முழுதும் ஒன்றாய் நின்றது. அதன் பிறகே கை கோப்பையை விட்டது. ஹிப்னாடிசத்தின் வரலாறு பல சுற்றுச் சுற்றி வந்து சேர்ந்த உண்மையும் இதுவே: மாற்றும் ஆற்றல் வெளியிலிருந்து ஏற்றப்படுவதில்லை; மாற விரும்புபவனின் உள்ளத்தில் அல்லாஹ் அதை வைத்திருக்கிறான். மருத்துவரும் குடும்பமும் அதற்குத் துணை நிற்க இயலும். அவருக்குப் பதிலாக விரும்ப எவராலும் இயலாது.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

முதலாவது, மறைக்காதீர்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று நோயை வீட்டுக்குள் பூட்டி வைப்பதே பல உயிர்கள் போகக் காரணமாகிறது. குடிநோய்க்கு அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சிகிச்சை கிடைக்கிறது. கள்ளக்குறிச்சிப் பகுதியினர் தங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையே நாடலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446; மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ் எண் 14416. இரண்டிற்கும் கட்டணமில்லை.

இரண்டாவது, இழிவுபடுத்தாதீர்கள். குடித்துவிட்டு மீண்டும் மீண்டும் தண்டனைக்காகக் கொண்டுவரப்பட்ட ஒருவரைச் சபையில் ஒருவர் சபித்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அம்மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று எடுத்துரைத்தார்கள் என்ற செய்தி புகாரியில் உள்ளது. செயல் கண்டிக்கப்பட்டது, மனிதர் தள்ளப்படவில்லை. பிள்ளைகள் முன்னிலையில் தகப்பனைத் தூற்றும் சொல் அவரை வீட்டிலிருந்து தெருமுனைக்கே விரட்டும்.

மூன்றாவது, தூண்டுதலைக் கண்டறிந்து அந்த இடத்தை நிரப்புங்கள். மாலையில் குடிப்பவராயின், அஸரிலிருந்து இஷா வரை அவருக்கு ஒரு வேலையும் ஒரு துணையும் இருக்கட்டும். பள்ளிவாசலுக்கு உடன் அழைத்துச் செல்ல ஒரு நண்பர் போதும். புகைப்பவராயின், நோன்பு நாட்களில் 13 மணி நேரத்திற்கு மேல் அவர் புகையின்றி இருப்பதை அவருக்கே நினைவூட்டுங்கள். அந்த ஆற்றல் ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. இஃப்தாருக்குப் பின் வரும் முதல் வேட்கையைத் தள்ளிப்போடுவதே அவர் கற்க வேண்டியது.

நான்காவது, சறுக்கலை முடிவென்று கொள்ளாதீர்கள். சிறிதாயினும் இடைவிடாது செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நபிமொழி போதிக்கிறது. ஒரு நாள் தவறியவருக்குத் தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது; மருத்துவரின் வாசலும் அவ்வாறே.

ஐந்தாவது, ஹிப்னாடிசச் சிகிச்சையை நாட விரும்பினால், செய்பவர் பதிவு பெற்ற மனநல மருத்துவரா, பயிற்சி பெற்ற உளவியலாளரா என்று முதலில் விசாரியுங்கள். முழு உத்தரவாதம் தருபவரையும், முன்பணமாகப் பெருந்தொகை கேட்பவரையும், நோயாளி இன்றியே குணப்படுத்துவேன் என்பவரையும் விட்டு விலகுங்கள். நல்ல மருத்துவர் இதனைத் தனி மருந்தாகக் கொள்ளாமல், மாத்திரை, ஆலோசனை, குடும்பத்தின் ஆதரவு ஆகியவற்றோடு ஒரு துணையாகவே பயன்படுத்துவார்.

கரியாலூர் ஓடையோரங்களில் ஊறல் பேரல்கள் உடைக்கப்படும் செய்தி இனியும் வரலாம். அவை உடைபடுவது நல்லதே. அதோடு, குடித்தவர் ஒருவர் 'நான் விட விரும்புகிறேன்' என்று தம் வீட்டாரிடம் வாய் திறந்து சொல்லும் துணிவையும், அதைக் கேட்டவர்கள் பழி கூறாமல் அவர் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுமையையும் நம் இல்லங்களில் வளர்ப்போமாக.

வல்ல அல்லாஹ், போதையின் பிடியில் சிக்கியோருக்கு மீட்சியையும், அவர்களுக்காகக் கண்ணீர் சிந்தும் குடும்பங்களுக்கு மன ஆறுதலையும், நம் பிள்ளைகளுக்குத் தூய வாழ்வையும் தந்தருள்வானாக! ஆமீன்.